நெஞ்சுக்குப் போன கால்

என் கணவருக்கு மூன்று நாடியில் அடைப்பு என்று டொக்டர் சொன்ன அன்று மாலையே ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னேன். மச்சாள் என்றால் அவருடைய அக்கா. நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். அந்தப் பழக்கத்தில் பாடப்புத்தகச் சொல்தான் வாயில் வந்தது. இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் நாடி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் நாளம் என்று கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பேச்சில் நாடி என்றால் முகவாய்க்கட்டை என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

மச்சாள் கவலையோடு கேட்டார்.

“மூண்டு நாடியோ? அவன் அவ்வளவுக்குக் கொழுத்துப்போனானே?”

நான் திருத்திச் சொன்னேன். திருத்துவதற்குள் செய்தி ரொறன்ரோவைத் தாண்டிவிட்டது. லண்டனில் இருந்து ஓர் உறவினர் எடுத்து, சாப்பாட்டை மென்று விழுங்க முடிகிறதா, அல்லது கஞ்சிதானா என்று விசாரித்தார். இன்னொருவர், நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிக் காதடியிலிருந்து நாடி வரைக்கும் தடவச் சொல்லி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். அந்தக் கிழமை முழுவதிலும் என் கணவர் சிரித்தது இதற்கு மட்டும்தான். கண்ணாடியின் முன் நின்று நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மூன்று இல்லை, ஒன்றரை இருக்கும் என்றார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக அது இருக்கவில்லை. காலி நகரத்துக்குப் போகும் காலி வீதியில் மரக்கறிப் பையோடு நடந்து வந்தவர், புடவைக் கடை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்தான் எல்லாம் வெளியே வந்தது. இனி மருந்தால் சமாளிக்க முடியாது, பைபாஸ் செய்தே ஆகவேண்டும், இன்னொரு தரம் இப்படி வந்தால் கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்குமோ தெரியாது என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். மூன்று கிழமை கழித்துச் சத்திரசிகிச்சைக்கு நாள் தந்தார்கள். அதற்குமுன் அவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டும்.

அவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். கொழும்பின் குடிநீர்க் குழாய்களோடுதான் அவருடைய உத்தியோக காலம் கழிந்தது. தெமட்டகொடையில் எந்தக் குழாய் எந்தத் தெருவுக்குக் கீழே போகிறது என்று இன்றைக்கும் படம் கீறிக் காட்டுவார். ஆகவே அடைப்பு, அழுத்தம், மாற்றுப்பாதை என்று டொக்டர் விளங்கப்படுத்தியபோது அலுவலகக் கூட்டத்தில் இருப்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அடைபட்ட இடத்தைத் தாண்டி ஒரு புதுக் குழாய் போடவேண்டும், அவ்வளவுதானே என்று அவரே முடித்தும் வைத்தார். டொக்டர் சந்தோஷப்பட்டு, அந்தப் புதுக் குழாயை வெளியிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை, உங்கள் காலிலிருந்தே ஒரு நீளமான நாளத்தை எடுப்போம் என்றார். அதோடு தலையாட்டல் நின்றுவிட்டது.

வெள்ளவத்தைக்குத் திரும்பி, எங்கள் மாடிக்கட்டடத்தின் லிப்டுக்குள் ஏறிக் கதவு மூடிய பிறகுதான் பேசினார்.

“காலில கிடந்ததை நெஞ்சில வைக்கேலாது.”

அவரைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. காலையில் குளித்துவிட்டுச் சாமித்தட்டின் முன் சப்பணம் கட்டி அரை மணித்தியாலம் இருப்பார். முருகன் தன் நெஞ்சில் குடியிருக்கிறார் என்பது அவருக்கு உவமானம் அல்ல. மேல்மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் அதையும் சொல்வார். சாமித்தட்டு இருக்கும் பக்கம் கால் நீட்டிப் படுக்கமாட்டார். தவறிப்போய்ப் பேப்பரில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்படிப்பட்டவரிடம் காலில் இருக்கும் ஒன்றை வெட்டி எடுத்து முருகன் இருக்கும் இடத்தில் வைத்துத் தைக்கிறோம் என்றால், கர்ப்பக்கிருகத்துக்குள் செருப்போடு போகச் சொன்ன மாதிரித்தான்.

நானோ கடைப் பலகையில் ஒற்றுப் பிழை கண்டால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருகிறவள். பிழையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க எனக்கு வராது. காலில் ஓடுவதும் நெஞ்சில் ஓடுவதும் ஒரே இரத்தம்தான், அது ஒரு நிமிடத்துக்குள் உடம்பைச் சுற்றி வந்துவிடும், உங்கள் கால் விரலில் இருந்ததுதான் இப்போது நெஞ்சுக்குள் இருக்கிறது என்று அன்றிரவே சொன்னேன். இரத்தம் வந்து போகிற விருந்தாளி, குழாய் அங்கேயே தங்கிவிடுமே என்றார். அந்தப் பதிலில் எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், அது நல்ல பதில்.

சொல்லி விளங்காவிட்டால் செய்து காட்டவேண்டும் என்பது என் தொழிற் பழக்கம். மறுநாள் சாமிக்கு வாங்கிய வெள்ளைச் செவ்வந்தியில் காம்போடு ஒன்றை எடுத்துக்கொண்டேன். தாவரத்தில் தண்ணீர் மேலே ஏறும் குழாய்களுக்குக் காழ் என்று பெயர். அதில் பம்பும் இல்லை, துடிப்பும் இல்லை. இலையிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, கீழே இருக்கும் நீர் தானாக இழுபட்டு மேலே வரும். நான் காம்பின் நடுவில் ஒரு பக்கமாகப் பாதி ஆழத்துக்கு பிளேடால் வெட்டினேன். வெட்டுப்பட்ட குழாய்கள் எல்லாம் அந்த இடத்தோடு சரி. பிறகு கேக்குக்குப் போடும் சிவப்பு நிறத்தைத் தண்ணீரில் கரைத்து, காம்பை அதில் நிறுத்திக் குசினி ஜன்னலில் வைத்தேன். ஒரு குழாய் அடைபட்டால் பக்கத்துக் குழாயின் சுவரில் இருக்கும் சின்னத் துவாரங்களால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும். கடவுள் படைத்த பூவே பைபாஸ் செய்கிறது, உங்களுக்கு என்ன என்று கேட்பதாகத் திட்டம்.

திட்டத்தில் ஒரு குறை இருந்தது. அடுத்த நாள் அவர் எனக்கு முன்னர் எழும்பிவிட்டார். நான் குசினிக்கு வந்தபோது ஜன்னலில் பூ இல்லை. அது இதழுக்கு இதழ் சிவப்புக் கோடுகளோடு முருகன் படத்தின் மேல் இருந்தது. வெள்ளைப் பூ ஒரே இரவில் சிவந்துவிட்டதாகவும், முருகன் ஏதோ சொல்கிறார் என்றும் ரொறன்ரோவுக்குச் செய்தி போய்விட்டது. நான் சிவப்பு நிறப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினேன். போத்தலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், போத்தலை வாங்கத் தோன்ற வைத்தது யார் என்று என்னையே கேட்டார். மச்சாள் இன்றுவரை அந்தப் பூவின் படத்தைத் தொலைபேசியில் வைத்திருக்கிறார்.

அடுத்து ஆட்டு இதயம். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் சைவம் என்பதால் புதன்கிழமையாகப் பார்த்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பள்ளிக்கூடக் காலத்தில் வகுப்புக்கு வேண்டிய இதயங்களை அங்கே ஒரு முஸ்லிம் நானாவின் இறைச்சிக் கடையில்தான் வாங்குவேன். எல்லோரும் குழாய்களை ஒட்ட நறுக்கிவிட்டுத்தான் தருவார்கள். அவர் மட்டும் எனக்காக நீளமாக விட்டு வெட்டித் தருவார். என்னை நெஞ்சு டீச்சர் என்றுதான் அந்த வரிசைக் கடைகளில் சொல்வார்கள். இன்னும் படிப்பிக்கிறீர்களா, எத்தனை பிள்ளைகள் என்று நானா கேட்டார். ஒரு பிள்ளைதான், ஆனால் மண்டைக்குள் ஒன்றும் ஏறுகிறதில்லை என்றேன். பாவம், அடிக்காமல் சொல்லிக் கொடுங்கள் என்றார்.

வீட்டில் பழைய பேப்பரை விரித்து, இதயத்தை வைத்து, அவரைக் கதிரையில் இருத்தினேன். உள்ளே நான்கு அறைகள். அறை நிறைய இரத்தம் இருந்தாலும் இதயத் தசையால் அதிலிருந்து குடிக்க முடியாது. தண்ணீர்த் தாங்கியோடு ஒட்டி வீடு கட்டினாலும் வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் தனியாகக் குழாய் இழுக்கத்தானே வேண்டும். அந்தக் குழாய்கள்தான் இவை என்று, கொழுப்புக்குள் புதைந்து வெளிப்புறமாக ஓடும் மெல்லிய நாடிகளை ஊசியால் தூக்கிக் காட்டினேன். பெருநாடியிலிருந்து புறப்பட்டு வந்து இதயத்துக்கே சோறு போடுகிறவை. உங்களுக்கு அடைபட்டிருப்பது இவைதான் என்றேன். நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிந்து வெகு நேரம் பார்த்தார். இந்த முறை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

நிமிர்ந்து, இதை மிளகு போட்டுப் பிரட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். ஆட்டிறைச்சியை மணந்து பார்க்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இதயத்தை அப்படியே பேப்பரோடு சுற்றிக் கொண்டுபோய்க் கீழே பூனைகளுக்குப் போட்டேன். வெள்ளவத்தைப் பூனைகளாவது படிக்கட்டும்.

விஞ்ஞானம் தோற்றதும் சமயத்துக்குள் இறங்கினேன். இது என் துறை அல்ல, ஆனாலும் எனக்கு அதில் நல்ல பிடி ஒன்று கிடைத்தது. தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்பதே, இறைவனின் திருவடி என் நெஞ்சில் இருக்கவேண்டும் என்பதுதானே. திருவடி என்றால் என்ன, கால்தானே. நெஞ்சில் கால் வைக்கலாம் என்று நீங்களே ஒவ்வொரு நாளும் பாடுகிறீர்கள் என்று மடக்கினேன். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தார்.

“அது அவரின்ரை கால். இது என்ரை கால்.”

கோப்பையை எடுத்துக்கொண்டு நான் குசினிக்குள் போய்விட்டேன்.

நாட்கள் போய்க்கொண்டிருந்தன. கையெழுத்து வைக்க நான்கு நாட்கள் மிச்சம் இருந்தபோது, பின்னேரம் கடற்கரைப் பக்கம் போவோம் என்று அவர்தான் கூப்பிட்டார். எங்கள் ஒழுங்கையிலிருந்து ரெயில் பாதைவரை ஐந்து நிமிட நடை. அவர் மூன்று இடத்தில் நின்றார். ஒரு தரம் யாரோ வீட்டு மதிலைப் பார்ப்பதுபோல், ஒரு தரம் சேட்டுப் பையில் எதையோ தேடுவதுபோல், ஒரு தரம் ரெயில் வருகிறதா என்று பார்ப்பதுபோல். அவ்வளவு நடையில் அந்தத் தசைக்கு இரத்தம் போதாமல்தான் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

பாதையைக் கடந்து கல்லில் உட்கார்ந்ததும் என் வாய் கட்டுக்கடங்காமல் போய்விட்டது. முட்டாள்தனம் என்றேன். ஒரு காலுக்காக என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகப்போகிறீர்களா என்று கேட்டேன். பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டிருந்த சோடி ஒன்று எழும்பிப் போனது. அவர் கடலைப் பார்த்தபடியே இருந்தார். கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னார்.

“கால் சாட்டுத்தானப்பா. நெஞ்சைத் திறக்கேக்கை உள்ளுக்கை அவர் இல்லையெண்டால் நான் என்ன செய்யிறது?”

கால் வெறும் சாக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனையோ ஆட்டு இதயங்களை நான் பிளந்து பார்த்திருக்கிறேன். அறைகள் இருந்தன, வால்வுகள் இருந்தன, வால்வுகளை இழுத்துப் பிடிக்கும் வெள்ளை நரம்புபோன்ற நூல்கள் இருந்தன. வேறு ஒருவரையும் நான் கண்டதில்லை. அதை அவரிடம் சொல்லக்கூடாது என்ற புத்தி அன்றைக்காவது எனக்கு வந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு பேரும் இருட்டும்வரை அங்கேயே இருந்தோம்.

திரும்பி வரும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். கால் நாளங்களில் வால்வு இருக்கிறதல்லவா என்றார். இருக்கிறது என்றேன். காலிலிருந்து இரத்தம் மேலே ஏறவேண்டும், பம்ப் வெகு தூரத்தில், ஆகவே ஏறிய இரத்தம் திரும்பக் கீழே விழாமல் வழியெல்லாம் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் வால்வுகள். அப்படியானால் அந்தக் குழாயை மாறிப் பூட்டினால் ஒரு துளியும் போகாதே, இவர்கள் எந்தப் பக்கமாகப் பூட்டுகிறார்கள் என்று கேட்டார். அவர் குரலில் பழைய அலுவலகம் வந்துவிட்டிருந்தது. எனக்கு அது தெரியாது. முப்பது வருடத்தில் ஒரு பிள்ளையும் அதைக் கேட்டதில்லை.

மறுநாளே சத்திரசிகிச்சை நிபுணரைப் போய்ப் பார்த்தோம். அவர் சிங்களவர், மெல்லிய குரல், ஆங்கிலத்தில் பேசினார். என் கணவர் வணக்கம் சொன்ன கையோடு வால்வு எந்தப் பக்கம் என்று கேட்டார். நிபுணர் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரை முதல் தரமாக நன்றாகப் பார்த்தார். நோயாளிகள் வடு எவ்வளவு நீளம் என்று கேட்பார்கள், எப்போது கார் ஓட்டலாம் என்று கேட்பார்கள், இதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். பிறகு பரிசோதனைத் துண்டு ஒன்றின் பின்புறத்தில் படம் கீறினார்.

நாளத்தை எடுத்துத் தலைகீழாகத் திருப்பித்தான் வைப்பார்களாம். அப்போதுதான் வால்வுகள் இரத்தம் போகும் பக்கம் திறக்கும். கணுக்கால் பக்கமாக இருந்த நுனியைப் பெருநாடியில் தைப்பார்கள். இரத்தம் அதில் புகுந்து, தொடைப் பக்கமாக இருந்த மற்ற நுனியால் வெளியேறும். அந்த நுனியைத்தான் அடைப்பைத் தாண்டி இதயத்தின் மேல் ஓடும் நாடியில் தைப்பார்கள். காலுக்கு ஒன்றும் வராது, ஆழத்தில் வேறு நாளங்கள் இருக்கின்றன, அவை வேலையை எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். என் கணவர் படத்தைத் தன் பக்கமாகத் திருப்பி, இரண்டு நுனிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

“அப்ப கால் பக்கம் நெஞ்சில தொடுறேல்லை. அது மெயின் லைனிலை. நெஞ்சில தொடுறது தொடை.”

இது எத்தனை விதத்தில் பிழை என்று எனக்கு உடனே தெரிந்தது. ஒரு நாளத்தில் கால் என்றும் தொடை என்றும் எந்தக் கோடும் இல்லை. நடுவில் இருக்கும் துண்டு முழுவதும் இதயத்தின் மேல்தான் படுத்திருக்கும். பெருநாடியும் இதயத்தோடு ஒட்டியதுதான். ஒவ்வொன்றாகச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போக ஒரு கதவு கண்டுபிடித்துவிட்டு, அது திறக்கும் என்று யாராவது சொல்லவேண்டும் என்று காத்திருக்கிற முகம் அது.

“ஓம், தொடைதான்,” என்றேன். “தொடையெண்டால் மடி. மடி பிள்ளையை இருத்துற இடமெல்லோ.”

ஒரு பிழையான விடைக்கு நான் போட்ட முதலாவது சரி அதுதான். அவர் மடி என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு நிபுணரின் மேசையிலிருந்த பேனையை எடுத்து, சம்மதக் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் வாசித்து, ஓர் எழுத்துப் பிழையைக் காட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

சத்திரசிகிச்சை நாளில் காலையிலேயே கொண்டுபோய்விட்டார்கள். வெளியில் வரிசைக் கதிரைகளில் என்னைத் தவிர இன்னும் சில குடும்பங்கள் பிளாஸ்க்கோடு இருந்தன. இதயம் ஓய்வில்லாமல் துடிக்கும் உறுப்பு என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது எத்தனை தரம் என்று கணக்கில்லை. உள்ளே அந்த நேரம் அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. தைப்பதற்காக இதயத்தை ஓயவிட்டு, இரத்தத்தை வெளியே ஒரு மெஷினால் சுற்றவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது ஒரு சதத்துக்கும் உதவவில்லை. இத்தனை வருடம் எனக்குப் பக்கத்தில் படுத்துத் துடித்துக்கொண்டிருந்த சாமான் இப்போது சும்மா கிடக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. நான் யாரிடம் வேண்டினேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் வேண்டினேன்.

பின்னேரம் ஒரு தாதி வந்து, முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறார், நாளைக்குப் பார்க்கலாம் என்று சிங்களத்தில் சொன்னார். தாதி போன பிறகும் நான் எழும்பவில்லை.

மறுநாள் காலை கையைக் கழுவி, முகமூடி போட்டு உள்ளே விட்டார்கள். நெஞ்சின் நடுவில் நீளக் கட்டு, கழுத்தில் குழாய், கையில் குழாய், பக்கவாட்டில் குழாய். குழாய்களோடு சீவித்த மனிதர் குழாய்களுக்கு நடுவில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவரை எங்கே தொடுவதென்று தெரியவில்லை. ஒரு கால் முழுக்கக் கட்டு. அந்தக் கட்டுக்கு வெளியே பாதம் மட்டும் தெரிந்தது. விரல்களைப் பிடித்தேன். சூடாக இருந்தன. இதயத்திலிருந்து உடம்பில் அதற்குமேல் தூரமான இடம் இல்லை. அங்கே வரைக்கும் இரத்தம் வருகிறது.

அவர் கண்ணைத் திறந்தார். குழாய் வைத்த தொண்டை என்பதால் குரல் கரகரத்தது. நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நெஞ்சு பரவாயில்லை, கால்தான் நோகிறது என்றார். நான் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, தாதிகள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன்.

“அழாதையும்,” என்றார். “கால்தானே.”